நான் முகராமல் ஒப்பமிட்ட பீப்பாய்கள்

2021-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நான் வேலை பார்த்த விஸ்கி ஆலைக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து சிவப்பு ஒயின் பீப்பாய்கள் வந்தன. காலிப் பீப்பாய்கள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரிக்க வேண்டியது என் பொறுப்பு. எல்லாம் தேறும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்போது எனக்கு எந்த வாசனையும் தெரியாது. மூக்கு செத்துப்போயிருந்தது. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியும். ஆலையில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கையெழுத்து என் குற்றத்தில் சிறிய பாதி. பெரிய பாதி, சில மாதங்கள் கழித்து ஓர் அறைக்குள், நாலைந்து பேர் பார்க்க, ஓர் இளம்பெண்ணுக்கு நான் செய்தது. இரண்டையும் சொல்கிறேன். எதையும் மெழுகப் போவதில்லை.

அந்தப் பீப்பாய்கள் ஏன் வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். போர்பன், சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு பானம். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுத்த சாராயம் 62.5 சதவீதத்துக்கு மேற்படாத வீரியத்தில், உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாய்க்குள் போக வேண்டும். ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற வைக்க முடியாது. அவை ஸ்காட்லாந்துக்கும் கரீபியத் தீவுகளுக்கும் விற்பனைக்குப் போய்விடும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. நிறமில்லாமல் உள்ளே போவது, சில ஆண்டுகளில் செம்பழுப்பாக வெளியே வருகிறது. அந்த நிறம் முழுவதும் மரம் கொடுத்தது. வெனிலா வாசனையும், சர்க்கரைப் பாகு காய்ச்சும் வாசனையும், லேசாகத் தெரியும் தேங்காய் வாசனையும் ஓக் மரத்திலிருந்து வருபவைதான்.

இந்தக் கட்டுக்குள் புதிதாக ஒன்றைச் செய்ய நினைத்தவர்கள், முதிர்ந்த போர்பனை எடுத்து, ஏற்கெனவே ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றிச் சில மாதம் வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 1980-களிலேயே இந்த முறை இருந்தது. கென்டக்கியில் இதை ஊர் கவனிக்கும்படி செய்தவர் லிங்கன் ஹென்டர்சன். பிரவுன்-ஃபோர்மன் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர், வுட்ஃபோர்ட் ரிசர்வ் உருவாகக் காரணமானவர். ஓய்வு பெற்ற பிறகு, மகன் வெஸ் ஹென்டர்சனோடு சேர்ந்து ஏஞ்சல்ஸ் என்வி என்ற போர்பனைக் கொண்டுவந்தார். ரூபி போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்களில் மூன்று முதல் ஆறு மாதம் வரை வைத்து முடிக்கப்பட்டது அது. 2013-ல் அவர் காலமானார். அதற்குள் பலர் அந்த வழியில் இறங்கிவிட்டார்கள். ஜெஃபர்சன்ஸ் நிறுவனம் நாப்பா பள்ளத்தாக்கிலுள்ள குரோத் ஒயின் ஆலையின் கேபர்நே சாவிஞான் பீப்பாய்களைப் பயன்படுத்தியது. 2019-ல் ஜிம் பீமின் ஃபிரெட் நோவும் ஜப்பானிய சன்டோரி நிறுவனத்தின் தலைமைக் கலவையாளர் ஷின்ஜி ஃபுகுயோவும் சேர்ந்து லெஜெண்ட் என்ற போர்பனை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதி சிவப்பு ஒயின் பீப்பாயிலும் இன்னொரு பகுதி ஷெர்ரி பீப்பாயிலும் முடிக்கப்பட்டு, மீதியோடு கலக்கப்பட்டது.

அது கடைக்கு வந்த ஆண்டில் என் மூக்கு நன்றாக இருந்தது. சிவப்பு ஒயின் பீப்பாய் சரியாக அமைந்தால் போர்பன் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் வெனிலா எழும்பும். அவசரப்படாமல் கிளாஸைக் கீழே வைத்துக் கொஞ்சம் பொறுத்தால், அதற்குப் பின்னாலிருந்து உலர்ந்த பிளம் பழத்தின் வாசனை வரும். வாயில் விட்டால் மக்காச்சோளத்தின் இனிப்பு நாக்கின் நடுவில் நிற்கும். விழுங்கிய பிறகு ஒயினின் துவர்ப்பு ஓரங்களைப் பிடித்து இழுக்கும். இனிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான். பீப்பாயில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டால் மரமும் துவர்ப்பும் மேலே ஏறி, போர்பன் காணாமல் போய்விடும். எந்த வாரம் வெளியே எடுப்பது என்று மூக்கை வைத்து முடிவு செய்யும் அந்த வேலையை நான் மனதார நேசித்தேன். இன்றும் நேசிக்கிறேன். அந்த நேசத்தையே நான் ஏமாற்றினேன் என்பதால் சொல்கிறேன்.

ஒயின் பீப்பாயில் ஓர் ஆபத்து உண்டு. போர்பன் பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும். ஒயின் பீப்பாய் பெரும்பாலும் 225 லிட்டர். உட்புறம் கருக்கியிருக்காது, நெருப்பில் வாட்டியிருக்கும், அவ்வளவுதான். ஒயினை வெளியேற்றிய பிறகும் மரப்பலகைக்குள் ஒயின் ஊறி நிற்கும். அதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. ஆனால் பீப்பாய் வெறுமையாகக் காய்ந்துகொண்டே கிடந்தால், உள்ளே நிற்கும் ஒயினைப் பாக்டீரியா காடியாக்கிவிடும். அந்தக் காடி ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் அசிடேட் ஆகும். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைத் திறந்தால் வருகிற நெடி அது. இப்படிக் கெட்ட பீப்பாயில் நல்ல போர்பனை ஊற்றினால், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து முதிர்ந்த சரக்கு சில மாதத்தில் கெட்டுப்போகும். அதனால் வந்த பீப்பாயை விரைவில் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு முன் அடைப்புக் கட்டையைக் கழற்றித் துளையில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆலை சிறியது. வாசனைப் பொருள்களை அளந்து சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. அந்தக் கருவியின் இடத்தில் நான் இருந்தேன்.

2020 டிசம்பரில் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. ஒரு காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துக் கருகியது. மாடியிலிருந்து மனைவி ஓடிவந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கின் உச்சியில் வாசனையை உணரும் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்களை அந்த வைரஸ் தாக்குகிறது என்று பிறகு படித்தேன். பலருக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடும் என்றார்கள். எனக்குத் திரும்பவில்லை.

ஆலையில் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. விசாவை நம்பி இருக்கிற பிழைப்பு, மூக்குப் போனவனுக்கு எதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். அது பொய். கிரீன் கார்டு அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. அவளுக்கும் அது தெரியும். நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து அவளையும் என் பொய்க்குக் கூட்டாளியாக்கினேன். ஆலை நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், குழம்பு கமகமக்கிறது என்று நான் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள்.

உண்மையான காரணம் கௌரவம். திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு, கென்டக்கிக்குப் போய், அடிமட்டத்திலிருந்து ஆலையின் சுவைக்குழுத் தலைமைக்கு வந்தவன் நான். ஆலையைச் சுற்றிப் பார்க்க யாராவது வந்தால், எங்களிடம் இருப்பதிலேயே நல்ல மூக்கு இவருடையது என்று மேலாளர் என்னைக் காட்டுவார். என் நிறத்தையும் உச்சரிப்பையும் பார்த்துத் தயங்கி நின்றவர்கள், அதைக் கேட்டதும் முகம் மாறிக் கை நீட்டுவார்கள். அந்தக் கைகளுக்கு நான் அடிமையாகிவிட்டேன். இதைச் சொன்னால் என்மேல் இரக்கம் வரும் என்று தெரியும். இரக்கப்பட வேண்டாம். அதே ஆலையில் அதே நோய் வந்த இன்னொருவர், எனக்கு வாசனை தெரியவில்லை என்று மறுநாளே சொல்லி விலகி நின்றார். அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. கணக்குப் பிரிவில் உட்கார வைத்தார்கள். குணமானதும் திரும்ப வந்தார். அது என் கண்முன்னே நடந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

எப்படி மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாசனை போனாலும் நாக்கு இருக்கும். இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். துவர்ப்பு வாயை இழுப்பதும் ஆல்கஹாலின் எரிச்சலும் தெரியும். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். அது எனக்கு இல்லை. மிஞ்சிய கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, பல ஆண்டு ஞாபகத்திலிருந்து சொற்களை எடுத்துப் போட்டேன். குழுவில் எப்போதும் முதலில் பேசுபவன், கடைசியில் பேசத் தொடங்கினேன். நான்கு பேர் சொன்னதைக் கேட்டு, ஐந்தாவதாக அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். மூன்று கிளாஸில் இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் வைத்து, வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை உண்டு. கிளாஸ்களுக்கு எண் போடுவது நானே என்பதால் விடை எனக்கு முன்பே தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். சுவை பார்க்கும்போது நிறம் தெரியக் கூடாது என்று எங்கள் குழுவில் அடர் நீலக் கிளாஸ்களைக் கொண்டுவந்தவனே நான். 2001-ல் போர்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் புதியவர்களுக்குப் பாடமாகச் சொல்வேன். ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதை விவரித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்புக்கொண்டது. அதனால் கண்ணை மூடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவன், என் கண்ணைத் தவிர வேறெதுவும் எனக்கு மிஞ்சவில்லை என்றபோது, நீலக் கிளாஸ்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டேன். கழுவும்போது உடைகின்றன என்று காரணம் சொன்னேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்கள்.

இப்போது அந்தப் பீப்பாய்கள். லாரி தாமதமாக வந்தது. வந்த பிறகும் எங்கள் கிடங்கில் இடம் ஒழிய நாளானது. கடும் வெயில். கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் பீப்பாய் உருட்டியவர்தான். படிப்பு இல்லை, பட்டம் இல்லை. அடைப்புக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, “இதில் சிலது எனக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் நன்றாகப் பாருங்கள்” என்றார்.

குனிந்தேன். துளையில் மூக்கை வைத்தேன். ஆழமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. பீப்பாய்க்குள்ளிருந்து வந்த காற்று குளிர்ச்சியாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. துளையைச் சுற்றி ஒயின் கறை இருந்தது. ஊதா கலந்த சிவப்பு. பார்க்க நன்றாக இருந்தது. நிமிர்ந்து, “மரத்தில் ஊறிய ஒயின் கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம்” என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். ஒவ்வொரு பீப்பாயிலும் அதே நாடகத்தை ஆடினேன். குனிவது, இழுப்பது, தலையாட்டுவது. ஒன்றிரண்டையாவது சந்தேகத்துக்குத் தள்ளி வைத்திருக்கலாம். அவர் விரல் காட்டியதையாவது தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கிடங்குக்காரர் சொல்லி நான் தள்ளினேன் என்று ஆகிவிடக் கூடாது.

2022 தொடக்கத்தில் மாதிரிகள் சுவைக்குழுவுக்கு வந்தன. முகர்வதற்காகத் தண்ணீர் சேர்த்து 20 சதவீதமாகக் குறைத்து, கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றி வைத்திருந்தோம். செந்நிறம் ஏறியிருந்தது. அழகான நிறம்.

குழுவில் இளையவர் அந்தப் பெண். பக்கத்துக் கிராமத்துப் புகையிலை விவசாயியின் மகள். பாட்டில் நிரப்பும் வரிசையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு நாள் மூடி போடும்போது, இந்தத் தொகுதி நேற்றைய தொகுதி மாதிரி இல்லையே என்று சொன்னாராம். அது என் காதுக்கு வந்தது. அழைத்துச் சோதித்தேன். அபூர்வமான மூக்கு. நானே பயிற்சி கொடுத்துக் குழுவில் சேர்த்தேன். சம்பளம் கூடியது. அவர் வீட்டில் அதைக் கொண்டாடினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த ஆலையில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதையே என் கையால் உடைத்தேன்.

அவர் கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பிறகு தாளில் 10-க்கு 3 என்று எழுதினார். மற்றவர்கள் 6, 7 என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் சிலருக்கும் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் 8 போட்டிருந்தேன்.

ஏன் 3 என்று கேட்டேன்.

“நெயில் பாலிஷ் ரிமூவர்” என்றார். “மேலே பழம் இருக்கிறது. அதற்குக் கீழே முழுக்க அதுதான்.”

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். இன்னொரு முறை பார்ப்போம் என்று சொல்லியிருந்தாலே போதும். வெளி ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பியிருந்தாலே போதும். மாறாக, எனக்குத் தெரிந்த உண்மையை எடுத்து அவர்மேல் வீசினேன். “எத்தில் அசிடேட் எல்லா போர்பனிலும் உண்டு. நொதிக்கும்போதே உருவாகிறது. அது இல்லாத விஸ்கியே கிடையாது. உன் மூக்கு அந்த ஒன்றை மட்டும் பெரிதாகப் பிடிக்கிறது. ஒயினின் அமிலத்தையும் அதையும் நீ குழப்பிக்கொள்கிறாய்” என்றேன். நான் சொன்ன வேதியியலில் பிழை இல்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது. அவர் முகம் சிவந்தது. என் நாக்கிலும் புளிப்பு தெரிந்தது. சிவப்பு ஒயினின் இயல்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

பிறகு, “மறுபடி யோசித்து எழுது” என்று தாளை அவர் பக்கம் தள்ளினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி முகர்ந்தார். 3-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினார்.

பாட்டிலின் பின்பக்க லேபிளுக்கு விவரணை எழுதியதும் நான்தான். கறுப்புச் செர்ரி, பிளம், அடர் சாக்லேட், நீண்டு நிற்கும் வெனிலா. அதில் ஒன்றைக்கூட நான் முகரவில்லை. நிறத்தைப் பார்த்தும், பிற பாட்டில்களில் படித்த நினைவிலிருந்தும் எழுதினேன். அந்த எழுத்தை நம்பிப் பணம் கொடுத்து வாங்கினார்கள். மலிவான பாட்டில் அல்ல. மகளின் திருமணத்துக்கென்று எடுத்து வைத்து, அன்று திறந்து, விருந்தாளிகளுக்கு ஊற்றியபின் வெட்கப்பட்டதாக ஒருவர் ஆலைக்கு எழுதியிருந்தார். நிதானமான கடிதம். அதை முழுவதும் படிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பின. விசாரித்தார்கள். பீப்பாய் வந்த தேதிக்கும் நிரப்பிய தேதிக்கும் நடுவில் இருந்த இடைவெளி பதிவேட்டில் தெரிந்தது. அது உண்மையான இடைவெளிதான். கிடங்கு தாமதம் செய்தது என்று முடிவாயிற்று. அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. “வெயில் அதிகம், பீப்பாய் காய்ந்துவிட்டது” என்றார். நான் அந்தக் கூட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். காய்ந்த பீப்பாயைக் கண்டுபிடித்துத் தள்ளத்தான் எனக்குச் சம்பளம். அதைச் சொல்லவில்லை. அவர் அன்றே என்னிடம் எச்சரித்தார் என்பதையும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதுபோல் பேனாவை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவருக்கு எழுத்து மூலமாகக் கண்டனம் கொடுத்தார்கள். ஓய்வுக்கு நெருங்கியவர். அந்தக் கறையோடுதான் ஓய்வு பெற்றார்.

அந்தப் பெண்ணின் கதை மெதுவாக நடந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவர் தயங்கத் தொடங்கினார். முன்பு ஒரே முகர்வில் சொன்னவர், மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். மதிப்பெண்கள் 6-க்கும் 7-க்கும் நடுவில் வந்து நின்றன. ஆண்டு மதிப்பீட்டில், கரைப்பான் வாசனைக்கு மிகையான உணர்வு, முடிவில் உறுதியின்மை என்று அவரைப் பற்றி எழுதினேன். நான் உண்டாக்கிய உறுதியின்மையை நானே பதிவு செய்தேன். அவரைக் குழுவிலிருந்து எடுத்துப் பாட்டில் வரிசைக்குத் திருப்பி அனுப்பினார்கள். கூடிய சம்பளம் குறைந்தது. சில மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். பாட்டில்கள் திரும்பியபோதுகூட, அவள் அன்றே சொன்னாளே என்று அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. தாளில் 6 என்றல்லவா இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒளித்துவைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹூம்மலும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் முகர வேண்டும். முதலில் காபி திரிந்து திரும்பியது. கருகிய ரப்பராக நாறியது. பிறகு கிராம்பு வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

ஓரளவு தேறியதும், அந்தத் தொகுதியிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரிப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தேன். அறையில் தனியாக இருந்தேன். ஊற்றினேன். கிளாஸை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள்ளாகவே நெடி வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. மேலே பழம், அதற்குக் கீழே முழுக்க நெயில் பாலிஷ் ரிமூவர். அவர் சொன்னபடியே, சொல்லுக்குச் சொல். இதைத்தான் அந்தப் பெண்ணின் கற்பனை என்று சொன்னேன். இதைத்தான் அந்தப் பெரியவர் கிடங்கில் நின்று எனக்குக் காட்டினார். நின்றுகொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். இதை என் நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு திரும்பிய பிறகுதான் வாய் திறந்தது. இழக்க ஒன்றுமில்லாத நிலைக்கு வந்த பிறகே உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. முடிந்த விஷயம், இத்தோடு விடு என்றார். விட முடியாது என்று இரண்டு விஷயம் கேட்டேன். கண்டனக் கடிதத்தை ரத்து செய்து அந்தப் பெரியவருக்கு எழுத வேண்டும். நான் எழுதிய ஆண்டு மதிப்பீடு பொய் என்று பதிவாக வேண்டும். முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவதற்கு நானே என் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைத்தேன். சுவைக்குழுவிலிருந்து விலகினேன். நீலக் கிளாஸ்களைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். இப்போது வேறு இடத்தில் நொதிகலம் பார்க்கும் வேலை.

பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே கேட்டுக்கொண்டார். “எனக்குத் தெரியும்” என்றார். “நீங்கள் மூச்சை இழுத்த விதத்திலேயே தெரிந்தது. உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.” உள்ளே வரச் சொல்லவில்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்க்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. குளிர்பெட்டியிலிருக்கும் பால் கெட்டுவிட்டதா என்று பார்க்க இப்போதும் தங்கையைத்தான் கூப்பிடுகிறேன் என்றார். என் மூக்கை நான் நம்புவதில்லை என்றார். கோப்பில் வைத்த கடிதத்தின் நகலைக் கேட்டார். அனுப்பினேன். அது கிடைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். அன்று நான் சொன்னது தப்பு என்று நினைத்துத்தான் என் மதிப்பெண்ணை மாற்றச் சொன்னீர்களா?

அந்த அறையைப் பற்றி மேலே எழுதியபோது நான் ஒன்றை விட்டுவிட்டேன். அவர் நெயில் பாலிஷ் ரிமூவர் என்று சொன்ன நொடியில் கிடங்குப் பெரியவரின் குரல் எனக்குக் கேட்டது. வெயிலில் காய்ந்த பீப்பாய்கள் கண்ணில் வந்தன. நாக்கில் இருந்த புளிப்பு எதனுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொல்வது சரி என்று தெரிந்துகொண்டே தாளைத் தள்ளினேன். அவர் சரி என்றால் என் மூக்கைப் பற்றி அடுத்த கேள்வி வரும். அது வரக் கூடாது என்றுதான் அவரை மாற்றி எழுத வைத்தேன். இதையே அவருக்குப் பதிலாக எழுதி அனுப்பினேன்.